கேட்கவும் ஆளில்லை, சொல்லவும் வழியில்லை

ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்தால் போதும். ஆஸ்பத்திரியில் ஃபைல் போடுவதற்கு முன்பே வீட்டுக்குள் மருந்துகள் வந்து சேர்ந்துவிடுகின்றன. முள்சீத்தா இலை, கோதுமைப்புல் பொடி, சீந்தில் சூரணம், பப்பாளி இலைச் சாறு, கருஞ்சீரகம், கேரளத்திலிருந்து தருவித்த கஷாயம், கொல்லிமலைப் பக்கம் யாரோ இடித்துக் கொடுத்த பெயர் தெரியாத உருண்டை. கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் பாசத்தோடுதான் வருகிறார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்களில் ஒருவர்கூட, "உனக்கு என்ன கீமோ போடுறாங்க, அதோட சேத்து இதச் சாப்பிடலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டியா?" என்று கேட்டதில்லை. ஆஸ்பத்திரியிலும், ரத்தம் எடுக்கிறவர் முதல் பெரிய டாக்டர் வரை, "வீட்டுல வேற என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

என் அக்காவுக்கு மார்பகப் புற்று வந்து, நான் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட காலம் முழுக்க என்னை அரித்தது இதுதான். நோயைக்கூட ஒரு கட்டத்தில் ஏற்றுக்கொள்ள முடிந்தது. இந்த மௌனத்தை இன்றுவரை ஏற்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தவர்கள் சொன்னதை எழுதினால் பக்கம் போதாது. "கத்தி பட்டாப் பரவிரும், ஆபரேசன் வேணாம்" என்றார் ஒரு சித்தப்பா. "கரண்ட் வச்சா உள்ளெல்லாம் வெந்துபோகும்" என்று ரேடியேஷனைப் பற்றிச் சொன்னார் தெருவில் ஒருவர். "பால், சர்க்கரை, அரிசி மூணையும் நிப்பாட்டு, கட்டி பட்டினி கெடந்து செத்துரும்" என்று மதினி வழி உறவுக்காரர் ஒருவர் சட்டம் போட்டார். கீமோ போட்டு, வாயெல்லாம் புண்ணாகி, எடை குறைந்துகொண்டே போகிற பெண்ணிடம் சோற்றையும் நிறுத்தச் சொன்னால் அவள் எதை வைத்து அடுத்த ஊசியைத் தாங்குவாள்? உடம்பு தாங்காமல் போனால் மருந்தின் அளவைக் குறைப்பார்கள், அல்லது தேதியைத் தள்ளிப்போடுவார்கள். இரண்டுமே நோய்க்குத்தான் சாதகம். சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். கவுன்ட் இறங்கிக் காய்ச்சலோடு நடுராத்திரியில் எமர்ஜென்சிக்கு ஓடியபோது அவர்களில் யாரும் உடன் இல்லை.

கீமோவால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல் என்பதே ஆபத்து. காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த நாட்களில் பச்சையாக அரைத்த இலைச் சாற்றில், சரியாகக் கழுவாத புல்லில், என்ன கிருமி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நம் உடம்பு அதை அலட்டிக்கொள்ளாது. காவலுக்கு ஆளில்லாத உடம்பு அலட்டிக்கொள்ளாமல் இருக்குமா? கொண்டுவந்து கொடுத்தவர்களிடம் இதைச் சொன்னால், "இயற்கைதான, என்ன செஞ்சுரும்?" என்கிறார்கள்.

அந்த "இயற்கைதான" என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு மனசு கொதிக்கிறது. இயற்கையைச் சாதாரணமாக நினைக்கிறவர்கள்தான் அப்படிச் சொல்ல முடியும். நம் வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் பூத்துக் கிடக்கிறதே நித்தியகல்யாணி, அதிலிருந்துதான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகள் வந்தன. 1950-களில் கனடாவில் நோபிள், பீர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அந்தச் செடி சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்று பார்க்கப் போனார்கள். சர்க்கரை குறையவில்லை. சோதனை விலங்குகளின் வெள்ளணுக்கள் குறைந்தன. அதைப் பிடித்துக்கொண்டு போனதில் கிடைத்ததுதான் ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்கு இன்றும் முதல் வரிசையில் கொடுக்கும் மருந்து. நம் தென் மாவட்டங்களில் அதே செடியை மானாவாரியாகப் பயிரிட்டு ஏற்றுமதி செய்கிறார்கள். நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலையிலிருந்து ஒரு கிராம் எடுக்கிறார்கள். அதையும் மில்லிகிராம் கணக்கில் அளந்து ஏற்றுகிறார்கள். அளவு கூடினால் நரம்பு கெடும் என்பதால் அவ்வளவு ஜாக்கிரதை.

அக்காவுக்கு முதலில் ஏற்றியது எல்லோரும் "செவப்பு மருந்து" என்று சொல்லும் டாக்ஸோரூபிசின். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது. அடுத்து ஏற்றிய பாக்லிடாக்சல், அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் வளரும் யூ மரத்தின் பட்டையிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டது. ஆக, ஆஸ்பத்திரியில் பாட்டிலில் இறங்கியதும் இயற்கையிலிருந்து வந்ததுதான். எந்த மூலப்பொருள், எத்தனை மில்லிகிராம், எத்தனை மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், என்ன பக்கவிளைவு வரும் என்று அதற்கு எழுதி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த உருண்டைக்கு அதில் ஒன்றுமே கிடையாது. கொடுத்தவருக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. செடிக்குக் கட்டியைக் கரைக்கும் வலிமை உண்டு என்று நம்புகிறவர், அதே செடிக்குக் கல்லீரலைக் கெடுக்கும் வலிமையும் இருக்கலாம் என்பதை மட்டும் ஏன் நம்ப மறுக்கிறார்?

ஒரு கட்டத்தில் அக்காவின் கல்லீரல் டெஸ்ட் எகிறிவிட்டது. கீமோவைத் தள்ளிப்போட்டார்கள். எந்த மாத்திரையால் இப்படி ஆனது என்று டாக்டர் பிரிஸ்கிரிப்ஷனை மேலிருந்து கீழே பார்த்தார். ஆஸ்பத்திரி கொடுத்ததெல்லாம் அதில் இருந்தது. காலையும் மாலையும் வெந்நீரில் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்த பொடி அதில் இல்லை. அக்கா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான்தான் வாயைத் திறந்தேன். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "படிச்சவங்கதான நீங்க? கண்டதையும் குடிச்சுட்டு இங்க வந்து ஏன் எங்க உயிர வாங்குறீங்க?" என்றார். என்ன பொடி, எவ்வளவு, எத்தனை நாளாக என்ற கேள்விகள் வரவே இல்லை. பொடியால்தான் எகிறியதா, கீமோவாலா, இரண்டும் சேர்ந்தா என்று தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு இருந்தது. அது திட்டுவதிலேயே போய்விட்டது. வெளியே வந்த அக்கா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "இனிமே எதையும் சொல்லாத."

அந்த அறையில் நடந்தது இதுதான்: உண்மை சொன்ன நோயாளிக்குத் திட்டு விழுந்தது. அடுத்த முறை அவள் ஏன் சொல்வாள்?

டாக்டர்களின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. காலையில் ஓபியில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் அவர்கள் மீதும் இரக்கம் வருகிறது. ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதற்குள் ஸ்கேனைப் பார்த்து, ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து, அடுத்த சைக்கிளுக்கு எழுத வேண்டும். ஆனால் "வேற என்ன சாப்பிடுறீங்க?" என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதானே? மன உளைச்சலுக்கென்று மேல்நாட்டில் கடையிலேயே கிடைக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையைக் குடல் புற்றுக்கான இரினோடெகான் மருந்தோடு கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளியின் ரத்தத்தில் அந்தக் கீமோ வேலை செய்யும் வடிவத்தின் அளவு 42 சதவீதம் குறைந்திருந்தது. மூலிகை, கல்லீரலில் மருந்தை உடைக்கும் நொதிகளை முடுக்கிவிட்டிருந்தது. நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து ஏற்றிய மருந்தில் கிட்டத்தட்ட பாதி வேலை செய்யாமல் போகலாம் என்றால், அந்தக் கேள்விக்கு ஒரு நிமிடம் ஒதுக்கக் கூடாதா?

நம் ஊரிலும் சாதாரணமாகப் புழங்கும் பொருள்களுக்கே கவனம் தேவை. சீந்திலால் கல்லீரல் கெட்டதாக, கொரோனா காலத்தில், 2021-ல் மும்பை மருத்துவர்கள் சில நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. வாதம் நடக்கட்டும். ஆனால் கல்லீரலை ஏற்கெனவே வாட்டும் கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போது அதைச் சாப்பிடுகிறோம் என்பதை டாக்டர் அறிய வேண்டாமா? சித்த மருத்துவத்தில் புற்றுக்கு வழங்கும் ரசகந்தி மெழுகில் பாதரசம் சேர்கிறது. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏற்றிக்கொண்டே கொடுக்கிறார்கள். பாதரசத்துக்கும் சிறுநீரகம்தான் இலக்கு. ஒரே ஆள் இரண்டையும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்க்க வேண்டியவர் யார்? ஆடுதின்னாப்பாளை நம் கரிசல் காட்டில் தானாக முளைக்கும் மூலிகை. அந்தக் குடும்பத்துச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயையே உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. பேர் தெரியாத பொடியில் அது இருக்காது என்று யார் உத்தரவாதம் கொடுப்பார்?

முள்சீத்தா "கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு வலிமையானது" என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் எத்தனையோ முறை வந்துவிட்டது. கண்ணாடிக் குடுவையில் வளர்த்த செல்களை அது கொன்றதிலிருந்து கிளம்பிய கதை அது. குடுவையில் புற்றுச் செல்லைக் கொல்ல எத்தனையோ பொருள்களால் முடியும். மனித உடம்புக்குள் அந்த அளவில் போய்ச் சேர்ந்து, மற்ற செல்களை விட்டுவிட்டுப் புற்றை மட்டும் கொல்வதுதான் மருந்து. முள்சீத்தா புற்றைக் குணப்படுத்தியதாக மனிதர்களில் நடந்த நல்ல ஆய்வு எதுவும் இல்லை. அதை நிறையச் சாப்பிடும் கரீபியன் தீவான குவாடலூப்பில் நடுக்குவாதம் போன்ற ஒரு நரம்பு நோய் அதிகமாக இருப்பதை 1999-லேயே மருத்துவர்கள் கவனித்து எழுதினார்கள். வாட்ஸ்அப் இதைச் சொல்வதில்லை. பாதாமி விதையில் இருப்பதாக "வைட்டமின் பி17" என்று விற்கிறார்களே, அது வைட்டமினே இல்லை. அமெரிக்காவில் 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1982-ல் முடிவை வெளியிட்டார்கள். நோய் கட்டுப்படவில்லை. சிலருக்கு ரத்தத்தில் சயனைடு ஏறியது. நாற்பது வருடங்களுக்கு மேலாகியும் அந்த விதை புதுப்புதுப் பாக்கெட்டில் வந்துகொண்டே இருக்கிறது.

சேர்த்துச் சாப்பிடுவதில் உள்ள ஆபத்து ஒருபக்கம். அதைவிடப் பெரிய ஆபத்து, வேறு வைத்தியத்தை நம்பி ஆஸ்பத்திரி சிகிச்சையை விட்டுவிடுவது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் 2018-ல் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டார்கள். பரவாத நிலையில் இருந்தும் ஆஸ்பத்திரி சிகிச்சையை முழுவதுமாகத் தவிர்த்து மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களை முதல் ஆய்வில் பார்த்தார்கள். அவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல். அதாவது, எந்தப் புற்றை அறுத்து, மருந்தேற்றிக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறதோ, அதில்தான் இழப்பு அதிகம்.

இரண்டாவது ஆய்வைத்தான் நம் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி சிகிச்சையும் எடுத்துக்கொண்டு, கூடவே வேறு வைத்தியமும் பார்த்தவர்கள் 258 பேர். அவர்களுக்கும் இறக்கும் அபாயம் இரண்டு மடங்கு இருந்தது. ஏன் என்று தோண்டிப் பார்த்தால், அவர்களில் 34 சதவீதம் பேர் கீமோவை மறுத்திருந்தார்கள். மற்றவர்களில் அது 3 சதவீதம். ரேடியேஷனை மறுத்தவர்கள் 53 சதவீதம். மற்றவர்களில் 2 சதவீதம். அறுவை சிகிச்சையை மறுத்தவர்கள் 7 சதவீதம். மற்றவர்களில் ஆயிரத்தில் ஒருவர். இந்த மறுப்பையும் தாமதத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தபோது, கூடுதல் அபாயம் உறுதியாகச் சொல்லும்படி இல்லை. முதல் சைக்கிளில் வாந்தி எடுத்து, முடி கொட்டி, துவண்டு கிடக்கும்போது, "அதான் இந்தப் பொடி இருக்குல்ல, அந்த விஷம் எதுக்கு?" என்று காதில் ஓதும் குரலுக்கு இதில் எவ்வளவு பங்கு இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

2024 நவம்பரில் முன்னாள் கிரிக்கெட் வீரர் சித்து, தன் மனைவியின் நான்காம் நிலை மார்பகப் புற்று எலுமிச்சை நீர், பச்சை மஞ்சள், வேப்பிலை, துளசி என்ற உணவு முறையால் சரியானது என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அந்த அம்மையாருக்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் நடந்திருந்தன. டாடா மெமோரியல் மருத்துவமனையோடு தொடர்புடைய 262 புற்றுநோய் மருத்துவர்கள் கையெழுத்திட்டு, இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று அறிக்கை விட்டார்கள். மருத்துவர்களோடு கலந்து பேசித்தான் அந்த உணவு முறையைப் பின்பற்றியதாகச் சித்துவும் பிறகு விளக்கம் கொடுத்தார். ஆனால் எங்கள் சொந்தக்காரர்கள் கைக்கு வந்தது எலுமிச்சையும் வேப்பிலையும்தான். கீமோ பாதி வழியிலேயே உதிர்ந்துவிட்டது. அறிக்கையும் விளக்கமும் வந்து சேரவே இல்லை.

இவ்வளவு சொல்வதால் ஆஸ்பத்திரி மருந்தைத் தவிர எதுவும் உதவாது என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். என் மனசு அதிகம் ஆறாமல் கிடப்பது அங்கேதான். உதவக்கூடியவை இருக்கின்றன. சோதித்துப் பார்த்தும் இருக்கிறார்கள். அவற்றை எங்களிடம் சொல்லத்தான் யாருமில்லை.

இஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 576 நோயாளிகளிடம் நடந்த ஆய்வொன்றில், வாந்திக்கான மாத்திரையோடு கூடவே நாளொன்றுக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை இஞ்சி எடுத்தவர்களுக்குக் கீமோ அன்று குமட்டல் குறைந்தது. யோகாசனமும் மூச்சுப் பயிற்சியும் நான்கு வாரம் செய்தவர்களுக்குத் தூக்கம் சீரானது என்று 410 பேரிடம் நடந்த ஆய்வு 2013-ல் சொன்னது. சிகிச்சை முடிந்தும் மாதக்கணக்கில் தூங்காமல் விட்டத்தைப் பார்த்துக் கிடந்த என் அக்காவிடம் அதை யார் சொன்னார்கள்? தலை, கழுத்துப் பகுதியில் ரேடியேஷன் எடுப்பவர்களுக்கு வாய்ப்புண் வராமல் தடுக்கத் தேன் உதவும் என்று உலகளாவிய மருத்துவ வழிகாட்டியிலேயே இருக்கிறது. வெற்றிலைப் பாக்கும் புகையிலையும் போட்டு வாய்ப்புற்று வந்தவர்கள் நிறைந்த நாடு இது. எத்தனை வார்டுகளில் அதைச் சொல்கிறார்கள்?

ஐஸ் கட்டி இன்னொன்று. 5-எஃப்யூ என்ற மருந்தை ஊசியாக ஒரேயடியாகச் செலுத்தும்போது அரைமணி நேரம் ஐஸ் துண்டுகளை வாயில் வைத்திருந்தால் வாய்ப்புண் குறையும். வாயிலுள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கி, மருந்து அங்கே குறைவாகப் போய்ச் சேரும். செலவே இல்லாத உபாயம். "ஐஸா? சளி பிடிச்சுரும்" என்று நம் வீட்டில் தடுப்பார்கள். ஆனால் அதே நோயாளிக்கு ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தும் சேர்ந்து ஓடினால் ஐஸ் ஆகாது. குளிர் பட்டால் தொண்டையும் விரலும் குத்திக் குடையும். ஒரு ஐஸ் கட்டிக்கே இந்த ஆளுக்கு ஆகும், அந்த ஆளுக்கு ஆகாது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. பெயர் தெரியாத உருண்டையை எல்லோருக்கும் ஒரே கை அளவில் கொடுக்கிறார்களே!

எல்லாவற்றிலும் என்னை ஆற்றாமையில் தள்ளுவது நடைதான். பெருங்குடல் புற்றுக்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேரைப் பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து, 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பயிற்சியாளரின் வழிகாட்டலில் மூன்று வருடம் வேக நடை போன்ற உடற்பயிற்சி செய்தவர்களில் எட்டாவது வருடத்தில் 90.3 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். பயிற்சி பற்றிய கையேடு மட்டும் வாங்கிக்கொண்டவர்களில் 83.2 சதவீதம். நூறு பேரில் ஏழு உயிர். எந்த லேகியத்துக்கும் இப்படி ஒரு கணக்கு கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் என்ன நடந்தது? அக்கா வாசல்வரை எழுந்து நடந்தாலே, "அய்யோ பாவம், ஏன் எந்திரிச்ச, போய்ப் படு" என்று நாலு குரல் கேட்கும். காசு கொடுத்து வாங்கிய பொடியைக் குடிக்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள். காசில்லாமல் கிடைக்கும் நடையைத் தடுப்பார்கள். எவ்வளவு நடக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்து சொல்லியிருந்தால் அந்த நாலு குரலும் அடங்கியிருக்கும். யாரும் வரவில்லை.

சிகிச்சை முடிந்தபின் அக்காவுக்கு ஹார்மோனைக் குறைக்கும் மாத்திரை தொடங்கினார்கள். வருடக்கணக்கில் சாப்பிட வேண்டியது. மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டது. விடியற்காலையில் விரலை மடக்க முடியாமல், காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். இந்த வலி தாங்காமல் மாத்திரையையே நிறுத்திவிடும் பெண்கள் ஏராளம். அதனால் நோய் திரும்பும் அபாயம் கூடுகிறது. இதே வலிக்கு அக்குபங்சர் செய்து பார்த்து, 226 பெண்களிடம் நடந்த ஆய்வை 2018-ல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். வலி ஓரளவு குறைந்தது. ஓரளவுதான், அதிசயம் இல்லை. ஆனால் அந்த ஓரளவு ஒரு பெண்ணை மாத்திரையை விடாமல் சாப்பிட வைத்தால், அது அவள் உயிருக்குத் துணை. ஆஸ்பத்திரி சிகிச்சையைத் தாங்கிக்கொள்ளவும் முழுதாக முடிக்கவும் கைகொடுப்பதற்குத்தான் இந்த வைத்தியங்களெல்லாம் உடன் வர வேண்டும். புற்றைக் குணமாக்குகிறேன் என்று வருகிறவரை வாசலோடு அனுப்ப வேண்டும். வலியை, குமட்டலை, தூக்கமின்மையை, பயத்தைக் குறைக்கிறேன் என்று வருகிறவரை உட்கார வைத்து, டாக்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

அப்படிப் பேச வைக்கும் வசதி தமிழ்நாட்டைப் போல எத்தனை மாநிலங்களில் இருக்கும்? பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-லிருந்து நடக்கிறது. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-லிருந்து இருக்கிறது. மாவட்ட ஆஸ்பத்திரிகளிலும் ஏராளமான ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தா பிரிவு இருக்கிறது. ஒரே வளாகத்தில் இந்தப் பக்கம் கீமோ எழுதும் டாக்டர், அந்தப் பக்கம் சூரணம் எழுதும் டாக்டர். இருவருக்கும் சம்பளம் கொடுப்பது ஒரே அரசு. ஆனால் இவர் எழுதியது அவருக்குத் தெரியாது. அவர் கொடுத்தது இவருக்குத் தெரியாது. இருவரிடமும் பாதிப் பாதியை மறைத்துக்கொண்டு, ஒரு கையில் ஃபைலும் ஒரு கையில் பையுமாக அலைவது உடம்பு முடியாத நோயாளி. படித்த இருவர் பேசிக்கொள்ள வேண்டியதை, படுத்துக் கிடக்கிற ஒருத்தி ஏன் சுமக்க வேண்டும்?

அவர்கள் பேசாமல் விட்ட இடத்தில்தான் வியாபாரி வந்து உட்கார்ந்துகொள்கிறான். டாக்டரம்மா முத்துலட்சுமி ரெட்டி, புற்றுநோயில் தன் தங்கையைப் பறிகொடுத்த துயரத்தை மறக்காமல் போராடி, 1954-ல் அடையாறில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அதே 1954-ல்தான் குறிப்பிட்ட சில நோய்களைக் குணப்படுத்துவோம் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்ற சட்டத்தையும் நாடாளுமன்றம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் புற்றுநோய் இருக்கிறது. மருத்துவமனை வளர்ந்து ஏழைகளுக்கு அடைக்கலமாக நிற்கிறது. சட்டம் காகிதத்தில் நிற்கிறது. யூடியூபைத் திறந்தால், "நான்காம் ஸ்டேஜா? கவலை வேண்டாம்" என்று ஒருவர் கூச்சமில்லாமல் பேசுகிறார். கீழே போன் நம்பரும் இருக்கிறது. அந்த நம்பருக்குப் பணம் அனுப்பிவிட்டு, முற்றிய கட்டியோடு திரும்பி வந்தவர்களை ஓபி பெஞ்சில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம் என்று அவர்களிடம் சொல்லும்போது அந்தக் குடும்பம் உடைந்துபோவதையும் பார்த்திருக்கிறேன். விளம்பரம் செய்தவருக்கு ஒரு நோட்டீஸாவது போயிருக்குமா?

மக்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்றும் யோசிக்க வேண்டும். முட்டாள்தனத்தால் மட்டும் யாரும் போவதில்லை. அவர் நேரம் ஒதுக்கிப் பேசுகிறார், பயப்படாதே என்கிறார், என்ன சாப்பிட வேண்டும் என்று ஒவ்வொரு வேளைக்கும் சொல்கிறார். ஆஸ்பத்திரியில் கட்டியைப் பற்றிப் பேசினார்கள். கட்டியைச் சுமந்தவளின் தூக்கத்தைப் பற்றி, பயத்தைப் பற்றி, வாய் கசப்பைப் பற்றி எங்கே பேசினார்கள்? வலி உயிர் போகிறது என்று அழுகிறவருக்கு மார்ஃபின் எழுதினால், "அது கடைசி ஊசி, பழக்கமாயிரும்" என்று வீட்டில் பயந்து ஒளித்து வைக்கிறார்கள். முறையாகக் கொடுத்தால் அது பாதுகாப்பாக வலியை அடக்கும் மருந்து என்று பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்க ஆளில்லை. விளக்கம் இல்லாத இடத்தில் பெயரில்லாத பாட்டில்தான் நம்பிக்கையாகிறது.

நான் கேட்பது நடக்க முடியாத காரியம் இல்லை. கீமோ தொடங்கும் முன் போடும் ஃபைலில், சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று கேட்கும் அதே பக்கத்தில், "வேறு வைத்தியம், மூலிகை, பொடி, எண்ணெய் எதுவானாலும்" என்று ஒரு வரி சேருங்கள். ஒவ்வொரு சைக்கிளிலும் நர்ஸ் அதைக் கேட்டு எழுதட்டும். பாட்டிலையும் பாக்கெட்டையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். சொன்னவரைத் திட்டாதீர்கள். "இது வேண்டாம், ஏனென்றால் இதனால், இது பரவாயில்லை, இதைக் கீமோ முடிந்தபின் பார்க்கலாம், இதை ஆபரேஷனுக்கு முன்னால் நிறுத்துங்கள்" என்று நாலு வார்த்தை போதும். பெரிய டாக்டருக்கு நேரமில்லை என்றால் மருந்தாளுநரை உட்கார வையுங்கள். அந்த வளாகத்துச் சித்த மருத்துவரையும் வாரம் ஒருநாள் புற்றுநோய் வார்டுக்குக் கூப்பிடுங்கள். 2021-லிருந்து "மக்களைத் தேடி மருத்துவம்" என்று வீட்டுக்கே வந்து பிரஷர் மாத்திரை கொடுக்கிறார்கள்; பிசியோதெரபியும் வலி தணிப்பு சிகிச்சையும் அதில் இருக்கின்றன. அப்படி வருகிற பெண்களின் கையில் இந்த ஒரு கேள்வியையும் கொடுத்தனுப்பினால் எத்தனை பொடிகள் வெளிச்சத்துக்கு வரும்!

சொந்தக்காரர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். பாசத்தோடுதான் வருகிறீர்கள், வாருங்கள். நோயாளியைக் கைப்பிடித்துத் தெருமுனை வரை நடத்திக் கூட்டிப்போங்கள். கீமோ நாளில் துணைக்கு வந்து உட்காருங்கள். பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போடுங்கள். ரேடியேஷனுக்குத் தினமும் போய்வர வண்டி எடுத்துக் கொடுங்கள். காய்ச்சல் என்றால் ராத்திரி போன் எடுங்கள். அதற்குமேலும் ஒரு பொடியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால், அந்தப் பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நோயாளியோடு ஓபிக்கு வாருங்கள். இதில் என்ன இருக்கிறது, ஏன் கொடுக்கிறேன் என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். அங்கே சொல்லத் துணிவில்லாத மருந்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள்.